கழிச்சுவிட்ட பிள்ளைகளோட கணக்கைக் காட்டுங்க

அந்த லெட்டரை என் கையாலதான் எழுதினேன். யாரோ எழுதி வச்சதுல கையெழுத்து மட்டும் போட்டுட்டு வரலை. முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் என் எழுத்து. ஆனா அதுல ஒரு வரி கூட என்னுது இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவங்க சொல்லச் சொல்ல எழுதினேன். "அனுப்புநர் போடுங்கம்மா. பெறுநர், உயர்திரு முதல்வர் அவர்கள். பொருள், பாடப்பிரிவு மாற்றம் வேண்டி." அதுக்கப்புறம், 'என் மகளால் கணிதப் பாடத்தைத் தொடர்ந்து படிக்க இயலவில்லை. எனவே எங்களது சொந்த விருப்பத்தின் பேரில்'னு சொன்னாங்க. அந்த இடத்துல பேனா நின்னுபோச்சு. நிமிர்ந்து பார்த்தேன். "எழுதுங்கம்மா, சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான்"னாங்க.

அந்தக் காகிதம் இன்னைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்து ஃபைல்ல பத்திரமா இருக்கும். நாளைக்கு எந்த அதிகாரி வந்து கேட்டாலும் எடுத்து நீட்டுவாங்க. "பாருங்க சார், அம்மாவே எழுதிக் கொடுத்திருக்காங்க, நாங்க என்ன பண்றது?" அதோட முடிஞ்சது. ஒரு பிள்ளையோட வாழ்க்கையையே வேற பக்கம் திருப்பிவிட்டதுக்கு அவங்க பேருல ஒரு சாட்சி கிடையாது. எல்லாச் சாட்சியும் எங்க பேருல. என்ன சாமர்த்தியம்!

மூணு வருஷத்துக்கு மேல வாயைத் திறக்காம இருந்தேன். மக வேண்டாம்னா. அவங்க அப்பா வேண்டாம்னார். நடந்தது நடந்துபோச்சு, இனிப் பேசி என்ன ஆகப்போகுதுன்னு எல்லாரும் சொன்னாங்க. இனி முடியாது.

நாங்க குமாரபாளையத்துப் பக்கம் லுங்கித் தறி ஓட்டுறவங்க. நான் பகல் ஷிப்ட், அவர் ராத்திரி ஷிப்ட். ஒருத்தர் வீட்டுக்குள்ள நுழையும்போது இன்னொருத்தர் தூக்குப்போசியோட வெளியே கிளம்புவோம். மக பத்தாவது வரைக்கும் அரசுப் பள்ளிக்கூடம், தமிழ் மீடியம். 2022 ஜூன் 20-ஆம் தேதி ரிசல்ட் வந்துச்சு. 500-க்கு 450-க்கு மேல எடுத்திருந்தா. தெருவே வந்து பார்த்துட்டுப் போச்சு. பொழுது சாயறதுக்குள்ள வாசல்ல ரெண்டு பேர் வந்து நிக்கிறாங்க, கையில வழவழன்னு கலர் நோட்டீசு. எங்க வீடு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு, இவ மார்க்கு எப்படித் தெரிஞ்சுச்சு, இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை.

"இந்த மார்க் எடுத்த பிள்ளையை இங்கேயே விட்டுவச்சா வீணாப் போயிருமுங்க. எங்ககிட்ட விடுங்க. ரெண்டே வருஷம். அண்ணா யுனிவர்சிட்டியில கொண்டுபோய் உட்கார வைக்கிறது எங்க பொறுப்பு. ஃபீஸ்ல பாதி தள்ளுபடி."

அவங்க சொன்னதை விட, சொல்லாம விட்டதுதான் என்னை இன்னும் எரிக்குது. அரசுப் பள்ளியிலேயே இருந்திருந்தா இன்ஜினியரிங்ல 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. 2021-லயே சட்டம் வந்தாச்சு. அதுல சீட் கிடைச்சா காலேஜ் ஃபீசையும் ஹாஸ்டல் ஃபீசையும் அரசாங்கமே கட்டும். காலேஜ் போற பொண்ணுங்களுக்கு மாசம் 1,000 ரூபா கொடுக்கிற புதுமைப் பெண் திட்டம் அந்த 2022 செப்டம்பர்லயே ஆரம்பிச்சுச்சு. ரெண்டுக்கும் அப்போ கண்டிஷன் ஒண்ணுதான், ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும். வாசல்ல வந்து நின்னவங்களுக்கு இது தெரியாதா? பிள்ளை பிடிக்கிறதையே வேலையா வச்சிருக்கிறவங்களுக்குத் தெரியாம இருக்குமா? எங்க கையில இருந்து எதைப் பிடுங்குறோம்னு தெரிஞ்சேதான் பிடுங்கினாங்க.

பாதி ஃபீஸ்னாங்க. சேர்ந்த பிறகு 'கோச்சிங்'னு ஒரு தொகை சொன்னாங்க. அதுக்கு ரசீது கிடையாது, துண்டுச் சீட்டுல கிறுக்கிக் கொடுத்தாங்க. அவர் பட்டறை ஓனர்கிட்ட அட்வான்ஸ் வாங்கிக் கட்டினார். தறிக்காரங்களுக்கு அட்வான்ஸ்னா என்னன்னு தெரியும். அது தீர்ற வரைக்கும் அந்தப் பட்டறையை விட்டு நகர முடியாது. வேற இடத்துல கூலி கூடக் கொடுத்தாலும் போக முடியாது. அவர் இன்னும் அங்கேதான் ஓட்டிட்டு இருக்கார்.

என் மகளுக்குக் கணக்கு வராதுன்னு சொன்னீங்களே, அவ எந்த வருஷங்கள்ல படிச்சவன்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா? எட்டாவது முடியறதுக்குள்ள, 2020 மார்ச்சுல, பள்ளிக்கூடத்தை மூடினாங்க. ஒன்பதாவது முழுக்கக் கல்வித் தொலைக்காட்சியிலயும் ஒரு செல்போன்லயும். அந்த ஒரு போனைத்தான் இவளும் இவ தம்பியும் பங்கு போட்டுக்கிட்டாங்க. 2021 பிப்ரவரியில திறந்தாங்க, மார்ச்சுல மறுபடியும் மூடினாங்க, பரீட்சையே இல்லாம எல்லாரும் பாஸ். பத்தாவதுலயும் வருஷம் பாதி, பாடமும் குறைச்சல். முக்கோணவியலை முதல் முதல்ல சொல்லித் தர்றதே ஒன்பதாவதுலதானாம். அந்த ஒன்பதாவதே இந்தப் பிள்ளைங்களுக்கு நடக்கலையே! நடக்காத வகுப்புக்கு மேல பிளஸ் ஒன் கணக்கைக் கொண்டுவந்து ஏத்தினீங்க. அதுவும் இங்கிலீஷ்ல. அதுவும் ஓட்டமா. "இதெல்லாம் டென்த்லயே படிச்சிருப்பீங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிடுவாங்களாம். படிக்கலைன்னு கை தூக்கினா கிளாசே சிரிக்குமாம். அப்புறம் யார் கை தூக்குவா?

அவ கணக்குப் புத்தகம், முதல் வால்யூம், என்கிட்டதான் இருக்கு. பழைய பேப்பர்காரருக்குப் போட எடுத்து வச்சிருந்தா, நான் பிடுங்கி வச்சுக்கிட்டேன். ஒவ்வொரு பக்கத்து ஓரத்துலயும் பென்சில்ல, எறும்பு மாதிரி பொடி எழுத்துல, தமிழ்ல எழுதியிருக்கா. ட்ரிக்னாமெட்ரி வர்ற பக்கங்கள்ல ஓரத்துல இடமே இல்லை. கணக்கைப் போட்டு, அழிச்சு, மறுபடி போட்டு, மறுபடி அழிச்சு, சில இடத்துல தாள் இழைஞ்சு பின்பக்கத்து எழுத்து தெரியுது. எனக்கு அந்தக் கணக்கு ஒண்ணும் புரியாது. ஆனா படிக்க மனசில்லாத பிள்ளை தாளை இப்படித் தேய்க்காதுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியலையா? தினமும் அந்தப் புத்தகத்தைப் பார்த்தவங்க நீங்கதானே?

காலாண்டுப் பரீட்சையில கணக்குல 27. பாஸ் மார்க் 35.

பட்டறைக்கு போன் வந்துச்சு. தறிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை, வெளியே ஓடிவந்து கேட்டேன். "பேரன்ட்ஸ் ரெண்டு பேரும் வரணும்." ரெண்டு பேர் கூலியும் போச்சு, போனோம். வராண்டாவுல எங்களுக்கு முன்னாடியே ரெண்டு குடும்பம் உட்கார்ந்திருந்துச்சு. எங்களுக்குப் பின்னாடி ஒரு அப்பா வந்தார், அழுக்கு வேட்டி, தோட்டத்துல இருந்து அப்படியே வந்திருப்பார் போல. யாரும் யார் முகத்தையும் பார்த்துக்கலை. பிள்ளைங்க சுவத்தோரமா வரிசையா நின்னாங்க. என்னமோ திருடிட்டு மாட்டிக்கிட்ட மாதிரி நின்னாங்க.

உள்ளே ரொம்பத் தன்மையாத்தான் பேசினாங்க. அதைச் சொல்லியாகணும். திட்டியிருந்தா நாங்களும் திருப்பிப் பேசியிருப்போம். "பிளஸ் ஒன்னும் இப்போ பப்ளிக் எக்ஸாமுங்க. ஃபெயிலாச்சுன்னா பொண்ணு மனசு உடைஞ்சு போயிடும். அவ நல்லதுக்குத்தான் சொல்றோம். காமர்சுக்கு மாத்திக்கலாம். இல்லைன்னா டிசி வாங்கிட்டு வேற ஸ்கூல் பார்த்துக்கலாம். நாங்க ஃபோர்ஸ் பண்ணலை. தீபாவளி முடிஞ்சு வரும்போது உங்க முடிவைச் சொல்லுங்க."

எங்க முடிவு! பிளஸ் ஒன்ல ஒரு பாடம் போனாலும் பிளஸ் டூவுக்குப் போகலாம், போன பாடத்தை மறுபடி எழுதிக்கலாம். சொன்னீங்களா? பிளஸ் ஒன் மார்க்கைக் காலேஜ் சீட்டுக்கு எடுத்துக்க மாட்டாங்க, பிளஸ் டூ மார்க்கு மட்டும்தான்னு 2018-லயே அரசாங்கம் அறிவிச்சாச்சு. சொன்னீங்களா? கணக்கை விட்டுட்டா இன்ஜினியரிங் கவுன்சிலிங் கதவே மூடிடும், 200 மார்க் கட்-ஆஃப்ல பாதிக்குப் பாதி கணக்குதான். அதைச் சொன்னீங்களா? பாதியை மறைச்சுட்டு, மீதியை எங்க முன்னாடி வச்சு, முடிவு உங்களோடதுன்னா அதுக்கு என்ன பேரு? அவ ஃபெயிலானா அவளுக்கு நஷ்டம் ஒரு வருஷம் கூட இல்லை. நஷ்டம் உங்க தேர்ச்சி விளம்பரப் போர்டுக்குத்தான். அதைச் சொல்ல வாய் வரலை, 'அவ நல்லதுக்கு'ன்னு சொல்ல மட்டும் வந்துச்சு.

அந்தத் தீபாவளி எங்க வீட்டுல தீபாவளியாவா இருந்துச்சு? போனஸ் பணம் அப்படியே கவர்ல கிடந்துச்சு, துணி எடுக்கப் போகலை. அவர் சொன்னார், "போதும் சாமி. காமர்ஸ் படிச்சா பேங்க் வேலைக்குப் போலாம். எதுக்கு இந்த அல்லல்?" அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். ராத்திரி பூரா தறியில நின்னுட்டு வந்து, மக விளக்கைப் போட்டுக்கிட்டு அழுதுட்டே கணக்குப் போடறதைப் பார்க்கிற அப்பன் வேற என்ன சொல்வான்? எனக்கும் ஒரு நேரம் விட்டுறலாம்னு தோணும். இன்னொரு நேரம் ஏன் விடணும்னு வெறி வரும். அவளைக் கேட்டேன். நீ சொல்லு கண்ணு, உன் படிப்பு, உனக்கு என்ன தோணுது?

"எனக்குக் கணக்குப் பிடிக்காம இல்லம்மா. வேகம்தான் பத்தலை. பரீட்சை மார்ச்சுலதானே? 90-க்கு எழுதணும், இன்டர்னல் 10. எழுத்துல 25 வாங்கினா இன்டர்னலோட சேர்த்து 35 ஆயிடும். அடுத்த வருஷம் பிளஸ் டூவுல நல்லாப் பிடிச்சிருவேன். இப்போ விட்டா இனி எப்பவுமே படிக்க முடியாதும்மா."

பதினஞ்சு முடிஞ்சு பதினாறு நடக்குற பிள்ளை, எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சுப் பார்த்துட்டுச் சொன்ன முடிவு அது. எங்க வீட்டுல எடுத்த முடிவு அதுதான். இருப்பா. படிப்பா. தோத்தா மறுபடி எழுதுவா. உங்க ஃபைல்ல இருக்கறது எங்க முடிவு இல்லை.

அந்த முடிவுக்கு அவகிட்ட ஆதாரமும் இருந்துச்சு. தீபாவளிக்கு முன்னாடி நடந்த யூனிட் டெஸ்ட்ல கணக்குல 44. லீவு விட்டிருக்கும்போதெல்லாம் பழைய பள்ளிக்கூடத்து டீச்சர் வீட்டுக்குப் போயி, ஒன்பதாவது புத்தகத்துல இருந்து ஆரம்பிச்சுப் படிச்சா. 27, 44. மேல போற மார்க்கா, கீழ வர்ற மார்க்கா? விடைத்தாள் மேல கணக்கு சார் சிவப்பு மையில எழுதியிருந்தார், நல்ல முன்னேற்றம், விடாமப் படின்னு இங்கிலீஷ்ல. அந்தத் தாளை ரெண்டா மடிச்சு, டைரிக்குள்ள வச்சு எடுத்துக்கிட்டுத்தான் என்கூட ஆபீசுக்கு வந்தா. ஜெயிச்சுட்ட மாதிரி வந்தா பாவி மக.

தாளை மேஜை மேல வச்சா. அவங்க தொடலை. "யூனிட் டெஸ்ட்ல வர்றதெல்லாம் கணக்குல சேராதும்மா, போர்டு வேற"ன்னாங்க. கணக்கு சாரைக் கூப்பிட்டாங்க. வந்து கதவோரமா நின்னார். "நீங்களே சொல்லுங்க சார், இந்தப் பொண்ணு தாங்குமா?" என் மக திரும்பி அவரைப் பார்த்தா. அவர் சிவப்பு மையில எழுதின தாள் அங்கேயே கிடக்கு, எல்லாரும் பார்க்க. அவர் சுவத்துல இருந்த காலண்டரைப் பார்த்துக்கிட்டே, "கஷ்டம்தாங்க மேடம்"னார்.

மார்ச் வரைக்கும் பார்க்கலாமேங்கன்னு நான் கெஞ்சினேன். "அப்படீன்னா டிசி ரெடி பண்ணச் சொல்லிரலாமுங்களா?" அதே தன்மையான குரல். வருஷம் பாதியில எந்தப் பள்ளிக்கூடம் சேர்த்துக்கும்? கட்டின பணம் திரும்பி வருமா? அட்வான்ஸ் பணமாச்சே! "கட்டினது கட்டினதுதாங்க." மேஜை டிராயர்ல இருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாங்க. எங்க வைக்கிறதுன்னு பார்த்துட்டு, என் மகளோட அந்த 44 மார்க் தாள் மேலேயே வச்சு, பேனாவைக் கையில கொடுத்தாங்க.

அப்புறம் காமர்ஸ் கிளாஸ். காமர்ஸ் மட்டமான படிப்புன்னு நான் சொல்லவே இல்லை. அதை ஆசைப்பட்டுப் படிக்கிற பிள்ளைங்க எத்தனையோ பேர், நல்லா இருக்காங்க, நல்லா இருக்கட்டும். ஆனா இவ போய் உட்காரும்போது அங்கே ஜர்னல், லெட்ஜர், ட்ரையல் பேலன்ஸ் எல்லாம் நடத்தி முடிச்சாச்சு. பேங்க் கணக்கு சரிபார்க்கிற பாடம் ஓடுது. டெபிட் எது, கிரெடிட் எதுன்னே தெரியாம கடைசி பெஞ்சுல போய் உட்கார்ந்தா. அக்கவுண்டன்சி, காமர்ஸ், எக்கனாமிக்ஸ்னு அத்தனை புத்தகமும் புதுசு. முதல்ல கஷ்டமான ஒரு பாடம் இருந்துச்சு, அவ நல்லதுக்குன்னு சொல்லி நாலு மாசம் பின்தங்கின மூணு பாடத்துல கொண்டுபோய்த் தள்ளினாங்க. யாராவது ஸ்பெஷல் கிளாஸ் எடுத்தாங்களா? கோச்சிங் பணத்தையாவது திருப்பிக் கொடுத்தாங்களா? அவளா படிச்சா, அவளா பாஸ் பண்ணினா. இன்னைக்கு பி.காம். படிக்கிறா. சுயநிதிக் காலேஜ், ஃபீஸ் எங்க தலையில. கூடப் படிக்கிற பொண்ணுங்களுக்கு மாசா மாசம் 1,000 ரூபா பேங்க்ல ஏறுது, இவளுக்கு இல்லை.

பணம் போகட்டும். முன்னெல்லாம் தம்பிக்கு அவதான் கணக்குச் சொல்லித் தருவா. மளிகைக் கடைச் சீட்டைக் கையில கொடுத்தா கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டறதுக்குள்ள கூட்டிச் சொல்லிடுவா. இப்போ தம்பி நோட்டைத் தூக்கிட்டு வந்தா, "எனக்குக் கணக்கு வராதுடா, அம்மா லெட்டரே எழுதிக் கொடுத்திருக்காங்க"ன்னு சொல்லிச் சிரிக்கிறா. சிரிக்கிறா சாமி. அந்தச் சிரிப்பைக் கேட்டுட்டு நான் அடுப்பங்கரையில போயி நிக்கிறேனே, அதுக்கு யார் பதில் சொல்றது?

2023 மே மாசம் பிளஸ் ஒன், பிளஸ் டூ ரிசல்ட் ரெண்டும் வந்துச்சு. பஸ் ஸ்டாண்டு எதிர்ல அந்தப் பள்ளிக்கூடத்து ஃபிளக்ஸ், ஒரு ஆள் உயரத்துக்கு எழுத்து: 100 சதவீதத் தேர்ச்சி. நானும் அவளும் பஸ்சுக்கு நிக்கிறோம். ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு இருந்தவ கேட்டா, "எதுல நூறு சதவீதம்மா? ஜூன்ல எங்க கிளாஸ்ல உட்கார்ந்திருந்தவங்கள்லயா, மார்ச்சுல மிச்சம் இருந்தவங்கள்லயா?"

கணக்கு வராத பிள்ளை கேட்ட கேள்விங்க இது! கணக்கு குரூப்போட அந்த நூறுக்குள்ள என் மக இல்லை. அந்த வராண்டாவுல நின்ன பிள்ளைங்க இல்லை. டிசி வாங்கிட்டுப் போன பிள்ளைங்களும் இல்லை. எங்களைக் கழிச்சுட்டு, மிச்சத்தை நூறால பெருக்கி, ஃபிளக்ஸ் அடிச்சீங்க. கழிக்கிறதுக்கும் எங்க கையிலேயே பேனாவைக் கொடுத்தீங்க.

நாங்க தறியில பாவு நூல் அந்துபோனா தறியை நிறுத்தி, அந்த நூலைத் தேடிப் பிடிச்சு, முடிச்சுப் போட்டுட்டுத்தான் மறுபடி ஓட்டுவோம். அந்த நூலை அறுத்து எறிஞ்சா துணியில ஓட்டை விழும்னு பள்ளிக்கூடமே போகாத தறிக்காரனுக்கும் தெரியும். நீங்க எம்.எஸ்சி., பி.எட். படிச்சவங்க.

2023 மார்ச்சுல பிளஸ் டூ தமிழ்ப் பரீட்சை அன்னைக்கு 50,000-க்கும் மேல பிள்ளைங்க வரலைன்னு தமிழ்நாடே அதிர்ச்சியாச்சு. டிவியில விவாதம், சட்டசபையில கேள்வி, எங்கே போனாங்க, ஏன் வரலைன்னு. சரி, கேக்க வேண்டியதுதான். ஆனா அவங்க லிஸ்ட்ல பேர் இருந்தும் வராத பிள்ளைங்க. அதனால எண்ண முடிஞ்சது. லிஸ்ட்டு போறதுக்கு முன்னாடியே பேரை எடுத்துட்ட பிள்ளைங்களை யார் எண்ணினா? எந்த டிவியில அவங்களுக்கு விவாதம் நடந்துச்சு?

இவ பழைய பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லித்தான் எனக்கு ஒண்ணு தெரிஞ்சுச்சு. கல்வி உரிமைச் சட்டம்னு 2009-ல வந்துச்சே, அதுல பள்ளிக்கூடத்தை விட்டுப் பிள்ளையை வெளியேத்தக் கூடாதுன்னு எழுதியிருக்காம். ஆனா எட்டாவது முடியற வரைக்கும்தான். ஆறு வயசுல இருந்து பதினாலு வயசுப் பிள்ளைங்களுக்குத்தான் அந்தச் சட்டம். பதினாலு முடிஞ்ச மறுநாளே பிள்ளைக்குக் காவல் வேண்டாமா? அப்பத்தானே பாடம் கஷ்டமாகுது? அப்பத்தானே ஒரு கை பிடிக்க ஆள் வேணும்?

தனியார் பள்ளிக்கூடங்கள் பிளஸ் ஒன் பாடத்தையே நடத்தாம ரெண்டு வருஷமும் பிளஸ் டூவையே உருப்போட வைக்குதுன்னுதான் 2017-18-ல பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தாங்க. இவங்க அந்தப் பரீட்சையைக் காட்டியே பிள்ளைங்களை வடிகட்டினாங்க. 2025 ஆகஸ்டுல வந்த மாநிலக் கல்விக் கொள்கை இனி பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வேண்டாம்னு சொல்லிடுச்சு. நல்லதுதான், ஒரு பயம் குறையும். ஆனா வடிகட்டறது நின்னுடுமா? பிளஸ் டூ இருக்கே. அதுக்கும் ஒரு ஃபிளக்ஸ் இருக்கே. இனிமே வராண்டா வரிசை ஒரு வருஷம் தள்ளி நிக்கும், அவ்வளவுதானே?

"எல்லாப் பிள்ளைக்குமா கணக்கு வரும்? வராததை இழுத்துப் பிடிச்சு என்ன புண்ணியம்?"னு கேக்கறவங்க இருக்காங்க. எங்க சொந்தத்துலயே கேட்டாங்க. வராதுன்னா விடலாம்ங்க. யார் வேண்டாங்கறா? பிள்ளையே வந்து, அம்மா என்னால இது ஆகலை, எனக்கு வேற படிக்கணும்னு சொன்னா, கஷ்டப்பட்டுச் சேர்ந்த குரூப்பை அன்னைக்கே விட்டுட்டு வர்றதுதான் சரி. மானம் போச்சு, சொந்தக்காரங்க என்ன சொல்வாங்கன்னு பிள்ளையைப் பிடிச்சு அழுத்தற அப்பா அம்மா செய்யறதும் கொடுமைதான். விடணுமா இருக்கணுமாங்கறது பிள்ளையோட கேள்வி. அதுக்குப் பதில் சொல்ல அவளுக்கு நேரம் வேணும், உள்ளது உள்ளபடி சொல்ல ஒரு ஆள் வேணும். என் மகளுக்கு ரெண்டுமே கிடைக்கலையே! அவ பதில் சொன்னா, அந்தப் பதிலை அவ கண்ணு முன்னாடியே மூடி வச்சு அது மேல எழுத வச்சாங்களே!

கணக்கு சார், உங்களைத்தான் கேக்குறேன். முதலாளிக்கு லாபம் வேணும், முதல்வருக்கு சதவீதம் வேணும், அது எனக்குப் புரியுது. உங்களுக்கு என்ன வேணும்? வேலை போயிடும்னு பயமா? உங்களுக்கும் குடும்பம் இருக்கும், வீட்டுக் கடன் இருக்கும், தெரியும். நானும் கூலிக்காரிதான், ஓனர் முன்னாடி வாய் அடைச்சுப் போறது எனக்குத் தெரியாதா? ஆனா சார், நீங்க எழுதின வார்த்தை அது. விடாதேன்னு எழுதினது நீங்கதான். அதை நம்பித்தானே அவ அந்தத் தாளை எடுத்துட்டு வந்தா? அவ பக்கம் ஒரு சொல், 'பார்க்கலாங்க மேடம், பிடிச்சுக்குவா'ன்னு ஒரே ஒரு சொல், சொல்லியிருந்தா உங்க தலையை எடுத்திருப்பாங்களா? ஸ்கூல் மேல அவளுக்குக் கோபம் கூட இல்லை சார். உங்க பேரைச் சொன்னாத்தான் எழுந்து வெளியே போயிடுறா.

போன வாரம் மறுபடி வந்தாங்க. அதே பள்ளிக்கூடம், வேற ரெண்டு பேர், அதே மாதிரி நோட்டீசு. பையன் இப்போ அரசுப் பள்ளியில பத்தாவது. இந்தத் தடவை ரிசல்ட் வர்ற வரைக்கும் கூடப் பொறுக்கலை. "தம்பி அரையாண்டுல நல்ல மார்க்காமே? இப்பவே சீட் போட்டு வச்சிரலாமுங்க, பாதி ஃபீஸ்." இந்த வீட்டுப் பிள்ளையைத்தான் கழிச்சுவிட்டோம்னு கூட அவங்களுக்குத் தெரியலை. அதுதான் என்னைப் பேச வச்சது. எங்களை ஏமாத்தினது கூட அவங்க ஞாபகத்துல இல்லையே!

உட்காருங்கன்னேன். தண்ணி கொடுத்தேன். ஒண்ணே ஒண்ணு கேட்டேன். உங்க பிளஸ் ஒன்ல ஃபர்ஸ்ட் குரூப்புல ஜூன் மாசம் எத்தனை பேர் சேர்றாங்க, அவங்கள்ல எத்தனை பேர் அதே குரூப்புல, அதே பள்ளிக்கூடத்துல பிளஸ் டூ பரீட்சை எழுதறாங்க? நோட்டீசுல எல்லாம் போட்டிருக்கீங்க, ஏ.சி. கிளாஸ், பஸ் ரூட்டு, நீட் கோச்சிங், எல்லாம் இருக்கு. இந்த ரெண்டு நம்பரை மட்டும் காணோமே?

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. "அதெல்லாம் ஆபீஸ்லதாங்க கேக்கணும்"னாங்க.

உங்க ஆபீசை நான் பார்த்தாச்சு. அதனால எல்லாரும் கேக்கற மாதிரி கேக்குறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் நம்பர்னு அரசாங்கம் ஒரு நம்பர் கொடுத்திருக்கு. எந்தப் பள்ளியில சேர்ந்துச்சு, எங்கே மாறுச்சு, எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர்ல ஏத்தறாங்க. அப்போ இந்தக் கணக்கு எங்கேயோ இருக்கு. முதன்மைக் கல்வி அலுவலர் ஐயா, நீங்க ஒரு நாள் அதைத் திறந்து பாருங்க. ஒவ்வொரு பள்ளிக்கூடமும் தேர்ச்சி சதவீதம்னு ஃபிளக்ஸ் வைக்கும்போது, பக்கத்துலயே அதே அளவு எழுத்துல, ஜூன்ல எத்தனை பேர், மார்ச்சுல எத்தனை பேர்னு எழுதணும்னு ஒரு உத்தரவு போடுங்க. பிள்ளையைச் சேர்க்கப் போற அப்பா அம்மாங்களே, ஃபீஸ் எவ்வளவுன்னு கேக்கறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க. சொல்ல மாட்டேன்னா ஏன்னு கேளுங்க.

ஜூன்ல எத்தனை பேர்? மார்ச்சுல எத்தனை பேர்? நடுவுல போன பிள்ளைங்க எங்கே, அவங்க பேர் என்ன, அவங்க லெட்டரை யார் சொல்லச் சொல்ல யார் எழுதினாங்க?